அக்கா என்று கூப்பிட்ட வீடு

என் மகள் இன்னும் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கவில்லை. இரண்டு வயதாகப் போகிறது. பேச்சு வராத பிள்ளை அல்ல. காலையில் பாண் விற்று வரும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் "பாண்" என்கிறாள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் வரும் சத்தம் கேட்டதும் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "கோச்சி" என்று கத்துகிறாள். தகப்பனைச் சுத்தமாக "அப்பா" என்கிறாள். என்னை மட்டும் "அக்கா" என்கிறாள்.

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது நானும் கணவரும் சிரித்தோம். அதைக் காணொளியாக எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினோம். அம்மா சிரித்து ஓய்ந்தபின், "உன்ர பிள்ளைதான், சந்தேகமில்லை" என்று குரல் பதிவு அனுப்பினார். காரணம், நானும் எட்டு வயது வரை அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒரு பழைய பெரிய வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி, முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அப்பா, அம்மா, அண்ணா, நான் என்று நாங்கள் நால்வர். எங்களோடு அம்மாவின் இரண்டு தங்கச்சிமாரும் இரண்டு தம்பிமாரும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்கள். எல்லோரும் வெளிநாடு போவதற்காக வந்தவர்கள். அந்த நாட்களில் எங்கள் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் இப்படிப் போகக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். ஏஜென்சிக்காரர் இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று பயணப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அது வருடக்கணக்கானது.

காத்திருப்பவர்களுக்கு வேலை இல்லை. ஆகவே எங்கள் இருவரையும் அவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். பெரிய சித்தி சாப்பாடு தீத்துவார். சின்னச் சித்தி குளிப்பாட்டிச் சீப்பால் தலை இழுத்துவிடுவார். பெரிய மாமா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். சின்ன மாமா எந்த வேலையும் செய்யமாட்டார், ஆனால் இடி இடித்தால் நாங்கள் ஓடுவது அவர் உடுத்திருக்கும் சாரத்துக்குள்தான். அம்மா விடியவே எழும்பி எல்லோருக்கும் சமைத்துவிட்டு வேறொரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விடுவார். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். அவர் எங்களைத் தூக்கி நான் கண்டதில்லை. தூக்க வேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை. ஒரு கை நீளுமுன் நாலு கைகள் நீண்டுவிடும்.

இவரைச் சித்தி என்று கூப்பிடு, இவர் மாமா என்று எங்களுக்கு முறை சொல்லித்தந்தவர் அம்மாதான். தன்னை எப்படிக் கூப்பிடுவதென்று சொல்லித்தர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். காலையில் கண் விழித்தது முதல் அந்த வீட்டில் கேட்பது "அக்கா" என்ற ஒரு கூப்பாடுதான். அக்கா, சீனி எங்கே? அக்கா, ஏஜென்சிக்காரர் வந்தாரா? அக்கா, இவள் சாப்பிடுறாள் இல்லை. நாங்களும் அக்கா என்றோம். அதே கணக்கில் அப்பா எங்களுக்கு "அத்தான்" ஆனார். சித்திமாரும் மாமாமாரும் அவரை அப்படித்தானே கூப்பிட்டார்கள்.

இதனால் வந்த வினையை எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் முதலாம் ஆண்டில் சேர்ந்து சில நாட்கள்தான். ஒருநாள் மழை, பெரிய மாமா ஏஜென்சிக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், நான் மட்டும் நிற்கிறேன். கூட்டிப்போக யார் வருவார்கள் என்று வகுப்பு ரீச்சர் கேட்டார். அத்தான் வருவார் என்றேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அக்கா இருக்கிறா. அம்மா? நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். அம்மா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். ரீச்சரின் முகம் மாறிவிட்டது. அவர் தன்னுடைய பிஸ்கற் பைக்கற்றை முழுதாக என்னிடம் தந்து, மழைக்குத் தன் சேலைத் தலைப்பால் என் தலையை மூடி, கேற் வரை வந்தார். போர் நடந்த காலம். வடக்கிலிருந்து வந்த பிள்ளை, தமக்கையும் தமக்கையின் புருஷனும் வளர்க்கிறார்கள். அவர் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது.

அடுத்த கிழமை அம்மாவையும் அப்பாவையும் வரச்சொன்னார். பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டாம், காலுக்குச் சப்பாத்து வாங்க வேண்டாம், பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று மிகவும் மெதுவாகத் தொடங்கி, தாய் தகப்பன் எப்போது போனார்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா எழுந்து நின்று, "நாங்கள்தான் ரீச்சர் அது" என்றாராம்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பா சட்டம் போட்டார். இனி அம்மா, அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டு நாள் கூப்பிட்டோம். மூன்றாம் நாள் பழையபடி. நாலு பெரியவர்கள் உரத்துக் கூப்பிடும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேறு விதமாகக் கூப்பிட்டு நிலைக்காது. அம்மாவும் வற்புறுத்தவில்லை. அவருக்கு அது சுட்டதா என்று அப்போது எனக்குத் தெரியாது. பிள்ளைகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். எங்களுக்குச் சொல்லாமல்தான் போவார்கள். அக்கம்பக்கத்தில் உளறிவிடுவோம் என்ற பயம். விடிந்து பார்த்தால் ஒரு பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருக்கும். பெரிய மாமா பாரிஸ், பெரிய சித்தி கலியாணம் பேசி சூரிச், சின்ன மாமா லண்டன். சின்னச் சித்திதான் கடைசி. அவர் கனடா போன பிறகு ஒருநாள் நான் முற்றத்துக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் சவர்க்காரம் போய்விட்டது. வழக்கமாக "சித்தி" என்று கத்துவேன். வாய் திறந்த பிறகுதான் சித்தி இல்லை என்பது நினைவு வந்தது. "அம்மா" என்று கத்தினேன். அரிசி மாக் கையோடு அம்மா ஓடிவந்து முகத்தைக் கழுவிவிட்டார். அதன் பிறகு அக்கா என்று நான் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

இப்போது நாங்கள் இருக்கும் தொடர்மாடி வீடு எனக்குச் சீதனமாக வந்தது. வெளிநாட்டில் இருந்த அந்த நால்வரும், பிறகு கனடா போன அண்ணாவும் சேர்ந்து வாங்கித் தந்தார்கள். மூன்று படுக்கையறை. ஒரு அறையில் உடுப்புக் காயவைக்கிறோம். சித்திமார் வந்தால் தங்கட்டும் என்று போட்ட கட்டிலில் உடுப்புக் கூடைதான் இருக்கிறது. கணவர் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை, கிழமையில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து செய்வார். மகளைக் குளிப்பாட்டுவது அவர். உடுப்பு மடிப்பதும் அவர். அப்பா இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று முதலில் நினைத்தேன். அந்த அப்பாவே இப்போது ரொறன்ரோவில் அண்ணாவின் பிள்ளைகளுக்குப் பம்பர்ஸ் மாற்றுகிறார். அங்கே நீளுவதற்கு வேறு கைகள் இல்லை.

பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வந்து நின்றார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளை பெற்றவளுக்கான காயச் சரக்கு அரைத்துப் போட்டு எனக்குச் சமைத்துத் தந்துவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணிக்கும் அப்போது இரண்டாவது பிள்ளை. எனக்குக் கோபமில்லை என்று சொன்னேன். போகுமுன் அம்மா செய்த ஒரு காரியம், எங்களுக்குக் கீழ்மாடியில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்தோடு கதைத்து வைத்ததுதான். நான் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையை நாங்கள் பார்க்கிறோம் என்று அந்த வீட்டு அன்ரி சொல்லியிருந்தார்.

அந்த வீட்டுக்குள் போனால் எனக்குக் கொட்டாஞ்சேனை நினைவுதான் வரும். அன்ரிக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவருக்கும் நடுவிலாளுக்கும் கலியாணமாகிவிட்டது. அவர்கள் போகவில்லை, மருமக்கள்மார்தான் வந்திருக்கிறார்கள். அவர்களில் அதுதான் வழக்கம். கடைசிப் பெண் படிக்கிறாள். மூத்தவரின் இரண்டு பையன்கள். வாசலில் எப்போதும் செருப்புக் குவியல், குசினியில் நடுவிலாளின் கேக் ஓர்டர்கள், ஒருவருக்கொருவர் அறைக்கு அறை கத்திக் கதைக்கும் சத்தம். அந்த வீட்டில் அன்ரியை எல்லோரும் "உம்மா" என்பார்கள். மருமக்கள்மாரும் உம்மா, பேரப்பிள்ளைகளும் உம்மா. என்னை அந்த மூன்று பெண்களும் "அக்கா" என்பார்கள். என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் மருமக்கள்மாருக்கும் நான் "மேல்வீட்டு அக்கா"தான். என் மகள் காலை முதல் பின்னேரம் வரை அங்கே இருக்கிறாள். அவள் அன்ரியை உம்மா என்றும் என்னை அக்கா என்றும் படித்துக்கொண்டதில் மர்மம் எதுவுமில்லை.

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அது சிரிப்பில்லாமல் போனது கிளினிக்கில். மாதாந்தம் நிறை பார்க்கும் நாள். கணவரும் வந்திருந்தார். பிள்ளை கதைக்கிறாளா என்று பார்க்க, மருத்துவிச்சி சிங்களத்தில் "பபாகே அம்மா கோ?" என்று கேட்டார். பபாவின் அம்மா எங்கே என்று. மகள் என் மடியில்தான் இருந்தாள். என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டி வாசல் பக்கம் பார்த்து "உம்மா" என்றாள். மருத்துவிச்சி சிரித்துக்கொண்டே, நீங்கள் சின்னம்மாவா என்று என்னிடம் கேட்டார். இல்லை, நான்தான் அம்மா என்றேன். யாரோ என்னை நம்பவில்லை என்பதுபோல அதை இரண்டு தடவை சொன்னேன்.

வரும் வழியில் ஓட்டோவில் கணவர் அதைப் பகிடியாக எடுத்தார். அன்று பின்னேரம் கீழ்வீட்டின் கடைசிப் பெண் பிள்ளையைத் தூக்கி வந்து, "போங்க, அக்காக்கிட்ட போங்க" என்று நீட்டினாள். "அக்கா இல்லை, அம்மா" என்றேன். மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது அப்படியில்லை என்று விளங்கியது.

அந்தக் கிழமையே பம்பலப்பிட்டியில் ஒரு பகல் பராமரிப்பு நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பை மாட்டத் தனிக் கொளுக்கி, கொளுக்கிக்கு மேலே ஒரு மிருகத்தின் படம். நம்முடைய ஃபோனிலிருந்தே பிள்ளையைப் பார்க்கலாமாம். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் "மிஸ்". எனக்கு அது பிடித்தது. மிஸ் என்று எத்தனை பேரைக் கூப்பிட்டாலும் அது அம்மாவோடு குழம்பாது. அடுத்த மாதத்துக்கு ஒரு இடம் சொல்லி வைத்தேன். சொல்லி வைத்துவிட்டு வெளியே வந்ததும், பிள்ளைக்கு அங்கே நித்திரை வருமா, சோறு தீத்துவார்களா, அவளாகச் சாப்பிட விடுவார்களா என்று யோசிக்கத் தொடங்கினேன். கீழ்வீட்டில் இதெல்லாம் ஒருநாளும் யோசித்ததில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் மடித்துக்கொண்டிருந்த உடுப்பைக் கீழே வைத்தார்.

"பிள்ளைக்கு நல்ல இடம் தேடுறீரா, இல்லாட்டி உமக்குப் போட்டியில்லாத இடம் தேடுறீரா?"

நான் கோபப்பட்டேன். பாஷை வளர வேண்டும், வயதொத்த பிள்ளைகளோடு பழக வேண்டும், இது நான் வாசித்து அறிந்த விஷயம் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். அவர் மறுக்கவும் இல்லை. சரி, அன்ரியிடம் நீரே சொல்லும் என்று மட்டும் சொன்னார்.

அது என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று சில நாட்கள் தள்ளினேன். பிள்ளையைக் கொண்டுபோய் விடவும் கூட்டிவரவும் கணவரையே அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம், அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து, அம்மாவுக்கு அழைத்தேன். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டது உங்களுக்குச் சுட்டதா என்று நேரே கேட்டேன். பின்னால் அண்ணாவின் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

"இத்தினை வருசத்துக்குப் பிறகு இப்பதான் கேக்கிறாய்" என்றார் அம்மா. "அந்த ரீச்சர் நான் செத்துப்போனன் எண்டு நினைச்சது சுட்டது. ரெண்டு நாள் சாப்பிடேல்லை. அக்கா எண்டது சுடேல்லை பிள்ளை. நீங்கள் ரெண்டுபேரும் சித்தியோட ஒட்டிக்கொண்டு திரிஞ்சபடியால்தானே நான் வேலைக்குப் போய் வந்தனான். பின்னேரத்தில அரை மணித்தியாலம் படுத்தும் எழும்பினனான்."

பிள்ளைகளை ஒருதரம் அதட்டிவிட்டு, "இப்ப ஆர் என்னை அக்கா எண்டுறது? சின்னச் சித்தி இஞ்ச பக்கத்திலதான், ரெண்டு பஸ் தூரம். கிழமைக்கு ஒருக்கா ஃபோன் எடுப்பாள். அவளுக்கும் வேலை" என்றார். அதற்குள் அங்கே ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. அப்பா சமாளிக்க முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் கேட்க நினைத்தது இதையல்ல. பிள்ளையை மாற்று என்றோ மாற்றாதே என்றோ அம்மா சொல்வார், பிறகு பொறுப்பு அவருடையது என்றுதான் எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். அவர் என் காரியத்தைக் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் ஞாயிறு. கீழ்வீட்டிலிருந்து வந்த பாத்திரம் ஒன்று திருப்பிக் கொடுக்க இருந்தது. வெறும் பாத்திரம் கொடுக்கக்கூடாதென்று கொஞ்சம் றவைக் கேசரி கிண்டிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மகளைக் காலையிலேயே மூத்தவரின் பையன்கள் வந்து விளையாடக் கூட்டிப்போயிருந்தார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். என்ன வரிசையில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். முதலில் நன்றி, பிறகு பாஷை வளர்ச்சி, கடைசியில் அடுத்த மாதம்.

கதவு திறந்துதான் இருந்தது. என்னைக் கண்டதும் கடைசிப் பெண் உள்ளே பார்த்து, "அம்மா வந்தாச்சி" என்றாள். யாருடைய அம்மா என்று நான் திரும்பிப் பார்த்தேன். நடுவிலாள் கேக் பூசிய கையோடு எட்டிப் பார்த்து, "வாங்க அம்மா, இரிங்க" என்றாள். அவளுக்கும் எனக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். சோபாவில் இருந்த மூத்த மருமகன், என்னைவிடப் பெரியவர், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், ஃபோனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "சொகமா அம்மா?" என்றார். அவருக்கு வேர்த்துவிட்டது.

நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். நடுவிலாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உம்மாட சட்டம்" என்றாள். "புள்ளைக்கு முன்னுக்கு யாராச்சும் ஒங்கள அக்காண்டு சென்னா, அவங்கதான் அன்டைக்கு எல்லாக் கோப்பையும் கழுவணும். மச்சான் ரெண்டு நாளா கழுவுறாரு."

"மூணு நாள்" என்றார் மருமகன்.

மகள் இந்தச் சத்தத்தில் அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். என்னைக் கண்டு, இரண்டு கையையும் விரித்து, வாய் நிறைய "அக்கா" என்றாள். அந்த வீடு முழுவதும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தது. இவவைத்தான் முதலில் கோப்பை கழுவ விட வேண்டும் என்றாள் கடைசிப் பெண்.

அன்ரி குசினியிலிருந்து வந்து கேசரியை வாங்கிக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை. கிளினிக்கில் நடந்ததை என் கணவர் படியில் கண்டபோது பகிடியாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது பகிடி, அன்ரிக்கு அல்ல. என்னைப் பக்கத்தில் இருத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பெத்தவ மடியில வச்சிக்கொண்டிரிக்கக்கொள்ள புள்ள என்ன தேடினா எனக்கி வெக்கம் மகள். ஒங்கட உம்மா என்ன நம்பித் தந்துட்டுப் போனவ. கொஞ்சம் பொறுங்க, பழக்கி எடுத்துருவம்."

நான் யோசித்து வைத்திருந்த வரிசை அதோடு போய்விட்டது. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது, சொன்னால் அற்பமாகத் தெரியும். எங்கள் வீட்டில் நான் கடைக்குட்டி. எனக்குக் கீழே தம்பியும் இல்லை, தங்கச்சியும் இல்லை. சித்திமாரின் பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்தவர்கள், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுவும் எப்போதாவது திரையில். இந்த உலகத்தில் என்னை அக்கா என்று கூப்பிட இந்த மூன்று பெண்களைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த இந்த ஒன்றரை வருடத்தில், கடைசிப் பெண்ணின் சோதனைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நடுவிலாள் புருஷனோடு கோபித்துக்கொண்டு மேலே வந்து எங்கள் உடுப்புக் கூடைக் கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். அக்கா என்றுதான் அதற்கெல்லாம் வந்தார்கள். இப்போது மரியாதையாக "வாங்க அம்மா" என்கிறார்கள். என் பிள்ளைக்காகத்தான் சொல்கிறார்கள். என்னை யாரோ வாசலில் நிறுத்தி வைத்ததுபோல இருந்தது.

"அன்ரி, சட்டத்தை எடுத்து விடுங்கோ" என்றேன். "இவையள் அக்கா எண்டே கூப்பிடட்டும்."

"புள்ள பழக மாட்டா மகள்."

"பரவாயில்லை. நானும் பழகேல்லை. எட்டு வயசிலதான் பழகினனான்."

அவருக்கு விளங்கவில்லை. பிறகு கொட்டாஞ்சேனையையும் ரீச்சரையும் அத்தானையும் சொன்னேன். அத்தான் வருவார் என்று ஐந்து வயதுப் பிள்ளை சொன்ன இடத்தில் மூத்த மருமகன் சத்தமாகச் சிரித்தார். அன்ரி மட்டும், "அந்த ரீச்சர் நல்ல மனுசி, பிஸ்கட்டெல்லாம் தந்தீக்கிறா" என்றார். பகல் பராமரிப்பு நிலையத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

மேலே வந்ததும் கணவர், சொன்னீரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டு மகளைக் குளிக்க வார்க்கக் கூட்டிப்போனார். எனக்குத்தான் அந்த யோசனை விடவில்லை. பிள்ளையின் நன்மைக்காக அவளைக் கீழ்வீட்டில் விடுகிறேனா, எனக்கு மூன்று தங்கச்சிமார் வேண்டும் என்பதற்காக விடுகிறேனா? போட்டியில்லாத இடம் தேடுவது என் சுயநலம் என்றால் இதுவும் அதேதான் அல்லவா? அம்மா அந்த எட்டுப் பேர் வீட்டில் இப்படியெல்லாம் யோசித்திருப்பாரா தெரியவில்லை. அவருக்குத் தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை. யோசிக்க அரை மணித்தியாலமும் இருக்கவில்லை, அதில்தான் அவர் படுத்து எழும்பினார். எனக்கு இரண்டும் இருக்கிறது. அதனால் நிம்மதி கூடியதாகச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை வழமைபோல மகளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டுக் காலி வீதியில் பஸ் ஏறினேன். இருக்கை கிடைத்ததும் பராமரிப்பு நிலையத்துக்கு அழைத்து, எங்களுடைய இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்றேன். பொறுப்பாளர் மரியாதையாகக் காரணம் கேட்டார். வீட்டில் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். அம்மம்மா வந்துவிட்டாரா என்று சந்தோஷமாகக் கேட்டார். இல்லை என்றேன். அப்பம்மாவா? அதுவும் இல்லை. அப்படியென்றால் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்றார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்குமளவுக்கு உரத்து, இல்லை என்றேன். அவர்களுக்கும் எனக்கும் என்ன முறை என்று அந்தப் பெண்மணிக்குச் சொல்ல ஒரு சொல் தேடினேன். மணியடித்தது, நாலைந்து பேர் இறங்கினார்கள், பஸ் மறுபடி புறப்பட்டது. கடைசியில் "சொந்தக்காரர்" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

செய்தது சரிதானா என்று கொள்ளுப்பிட்டியில் இறங்கும்வரை யோசித்தேன். இறங்கி நடக்கும்போதும் யோசித்தேன்.